பழி தீர்க்கும் கூடமா சிறை? பொதுக்குழுத் தீர்மானத்துக்கு நம் பதில்



சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடுங்குற்றங்களில் சிக்கிச் சிறைக்குப் போகிற எவனுக்கும் நம் சங்கம் வக்கீல் பார்த்துத் தரக் கூடாது. அவன் குடும்பத்துக்கு முலாகாத் மனு எழுதித் தரக் கூடாது. சங்க நிதியிலிருந்து சல்லிக்காசு செலவழிக்கக் கூடாது என்பது தீர்மானம். கொண்டுவந்தவர் நமக்கு எதிரி அல்ல. இருபது ஆண்டுகளாகச் சந்தா வசூலிக்க வீடு வீடாக ஏறி இறங்கிய தோழர். "கொன்றவன் உள்ளே கிடந்து சாகட்டும். அவனுக்குச் சோறு போடுவதே தண்டம்" என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள். வாக்கெடுப்பு அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் நம் பக்கத்து நியாயத்தைச் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தீர்மானம் ஏன் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நம் சந்தில் ஒரு பிள்ளை குத்துப்பட்டுச் செத்தான். குத்தியதாகச் சொல்லப்படும் பிள்ளை சிறையில் இருக்கிறான். இரண்டு பேரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்து, ஒரே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள். ஒரு தாய் மகனின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். இன்னொரு தாய் வாரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சிறை வாசலில் கால் கடுக்க நிற்கிறாள். கையில் இருக்கும் காகிதம் மராத்தியில். கேட்கிறவன் இந்தியில் கேட்கிறான். அவளுக்குத் தெரிந்ததோ தமிழ் ஒன்றுதான். இரண்டு தாய்களும் நம் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள். இதை மறந்துவிட்டு நாம் ஒரு வரிகூட எழுத முடியாது.

"உன் பிள்ளையைக் குத்தியிருந்தால் இப்படி எழுதுவாயா?"

இதுதான் கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்கிறோம்: எழுத மாட்டோம். அன்றைக்கு நம் கையில் அரிவாளைக் கொடுத்தால் வெட்டியே விடுவோம். பெற்ற வயிறு பற்றி எரியும்போது நியாயம் பேச வராது. அதனால்தான் தண்டிக்கும் பொறுப்பைச் செத்தவன் வீட்டாரிடமும் கொடுக்காமல், கொன்றவன் வீட்டாரிடமும் கொடுக்காமல், நடுவில் ஒரு நீதிமன்றத்தை வைத்திருக்கிறது சமுதாயம். தென் மாவட்டங்களிலிருந்து வந்த நமக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அப்பனுக்காக மகன், அண்ணனுக்காகத் தம்பி என்று தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு நாசமான ஊர்களை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அந்தப் பழியிலிருந்து தப்பிப் பிழைக்க ரயிலேறியவர்களும் நம்மில் உண்டு.

அந்தத் தாயின் கோபம் நியாயமானது. அதை நாம் குறை சொல்லவில்லை. அந்தக் கோபத்தைச் சர்க்கார் கடன் வாங்கிக்கொண்டு அதன் பெயரால் சிறை நடத்தலாமா என்பதே நம் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கொலை செய்தவனை உடனே அவிழ்த்துவிடு என்று நாம் சொல்லவில்லை. அவனைப் பிடிக்க வேண்டும், விசாரிக்க வேண்டும், குற்றம் மெய்யானால் தண்டிக்க வேண்டும், ஊருக்கு ஆபத்து இருக்கும்வரை பூட்டி வைக்க வேண்டும். சுதந்திரத்தைப் பறிப்பதுதான் தண்டனை. பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்க முடியாமல், நல்ல நாள் பெரிய நாள் தெரியாமல், நாலு சுவருக்குள் வயது கழிவது சின்னத் தண்டனையா? அதற்கு மேல் அடியும் உதையும், புழுத்த சோறும், ஐம்பது பேர் படுக்கும் இடத்தில் நூறு பேரும் எதற்கு? அது எந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது? எந்த நீதிபதியும் அப்படித் தீர்ப்பு எழுதுவதில்லை.

கோவலனும் ஒரு குடியேறிதான்

"வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே" என்றார் ஒரு பெரியவர். உண்மைதான். செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள், கொடியவர்களை அரசன் கொலையால் ஒறுப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறது. ஆனால் அங்கேயே புத்தகத்தை மூடிவிடக் கூடாது. இரண்டு அதிகாரம் தள்ளி, வெருவந்த செய்யாமையின் முதல் குறளைப் படியுங்கள். குற்றத்தைத் தக்கபடி ஆராய வேண்டும். அது மறுபடி நடக்காதபடி, குற்றத்துக்கு ஏற்ற அளவில் ஒறுக்க வேண்டும் என்று அங்கே சொல்கிறார் வள்ளுவர். ஆராய்ச்சி ஒன்று, அளவு ஒன்று, மறுபடி நடக்காமை ஒன்று. இந்த மூன்றும் இருந்தால்தான் அது தண்டனை. மூன்றில் ஒன்றும் இல்லாமல் வெறும் ஆத்திரம் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் வேறு.

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கோவலன் யார்? சொந்த ஊரில் கெட்டு நொந்து, பிழைப்புக்காக வேறு அரசனின் ஊருக்குப் பெண்டாட்டியோடு நடந்து வந்தவன். மதுரையில் அவனுக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. ஜாமீன் கொடுக்கச் சொந்தமில்லை. கையில் ஒரு சிலம்பு இருந்தது. உள்ளூர்ப் பொற்கொல்லன் கை நீட்டினான், அரசன் விசாரிக்கவில்லை, வெளியூர்க்காரன் வெட்டுப்பட்டான். விசாரிக்காத தண்டனை முதலில் யார் தலையில் விழும் என்பதைத் தமிழனின் முதல் காப்பியமே சொல்லி வைத்திருக்கிறது. பிழைக்க வந்த ஊரில் குடிசை போட்டு வாழும் நாம் அதை மறந்துவிட்டுக் கை தட்டலாமா?

உள்ளே இருப்பது யார்?

"சிறையில் இருப்பவனெல்லாம் கொலைகாரன்" என்ற நினைப்பில்தான் நாம் பேசுகிறோம். கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டு முடிவுக்குத் தந்த கணக்கு இது. இந்தியச் சிறைகள் எல்லாவற்றிலும் சேர்த்து இருந்த கைதிகள் 5,73,220 பேர். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. நூறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர். அந்தக் கைதிகளில் குற்றம் மெய்யாகித் தண்டனை பெற்றவர்கள் 1,33,415 பேர்தான். விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். அதாவது நூற்றுக்கு 75க்கு மேல்.

இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விசாரணைக் கைதிகள் மட்டுமே இந்த நாட்டின் சிறைகள் அனைத்தையும் ஏறத்தாழ நிரப்பிவிடுகிறார்கள்! தீர்ப்பு வந்தவன் படுக்க வேண்டிய இடத்தில் தீர்ப்பு வராதவன் படுத்திருக்கிறான். "சிறை தண்டிக்க வேண்டுமா, திருத்த வேண்டுமா?" என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். குற்றவாளி என்றே முடிவாகாத நாலரை லட்சம் பேருக்கு அருகில், ஒவ்வொரு நாளும் தண்டனை நடந்துகொண்டிருக்கிறது.

அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? சிறையில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் எழுத்தறியாதவர்கள் அல்லது பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் என்று ஆண்டுதோறும் அதே காப்பகம் சொல்கிறது. பணக்காரன் வீட்டில் குற்றமே நடப்பதில்லையா? நடக்கிறது. அவன் வக்கீலோடு வருகிறான், ஜாமீனோடு போகிறான். நம்மவன் வாய்தா வாய்தாவாக உள்ளேயே இருக்கிறான்.

ஜாமீன் என்றதும் ஒரு வழக்கை நினைவுபடுத்த வேண்டும். 1978இல் மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் ஜாமீன் நிற்க முன்வந்தபோது, "உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது" என்று கீழ்க்கோர்ட் தள்ளிவிட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பில் அவர் கேட்ட கேள்வி நமக்காகவே கேட்டது போலிருக்கும்: ஒரு தமிழனையோ மலையாளியையோ கன்னடியனையோ பஸ்தரிலும் போர்ட் பிளேரிலும் சாந்தினி சவுக்கிலும் பிடித்துப் போட்டால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரனுக்கு அவன் எங்கே போவான் என்று கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு நம் ஆட்களிடம் பதில் இல்லை. ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும், ஜாமீன்தாரன் இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தவர்களை நம் சங்கம் பார்த்திருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவு, முதல் முறை சிக்கியவன் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவனைப் பிணையில் விடச் சொல்கிறது. நல்லது. ஆனால் தூக்கும் ஆயுளும் விதிக்கக் கூடிய வழக்குகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக, நம் தீர்மானம் யாரைக் கைவிடச் சொல்கிறதோ, அவனைச் சட்டமும் ஏற்கெனவே வரிசையின் கடைசியில்தான் நிறுத்தியிருக்கிறது. அவனுக்கு வக்கீலும் இல்லை என்றால், அவன் குற்றவாளியா நிரபராதியா என்று யார் கண்டுபிடிப்பது?

பலகை புதுசு, சட்டம் பழசு

சிறைத்துறை வாசலில் இப்போது "சீர்திருத்தப் பணிகள்" என்று பலகை தொங்குகிறது. உள்ளே பல மாநிலங்களில் இன்னும் ஆள்வது 1894ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். வ.உ.சி. 1908இல் தண்டிக்கப்பட்டுக் கோவைச் சிறையில் மாடு போலச் செக்கிழுத்தாரே, அன்றைக்கும் இதே சட்டம்தான். செக்கிழுத்த செம்மல் என்று நாம் மேடை போட்டுப் புகழ்கிறோம். அவரைச் செக்கிழுக்க வைத்த புத்தியைப் புகழ முடியுமா? "உள்ளே கிடந்து சாகட்டும்" என்பது அந்த வெள்ளைக்காரச் சிறை அதிகாரியின் வார்த்தையல்லவா!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வெள்ளைக்காரனே 1919–20இல் அமைத்த இந்தியச் சிறைக் குழு, கைதியைத் திருத்தி மறுவாழ்வு தருவதுதான் சிறையின் நோக்கம் என்று எழுதிவிட்டது. சுதந்திரம் பெற்ற பிறகு 1980இல் நீதிபதி முல்லா தலைமையில் அமைத்த குழு 1983இல் அறிக்கை தந்து அதையே வற்புறுத்தியது. 2023இல் மத்திய சர்க்கார் ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியது. நூறு ஆண்டுகளாகக் காகிதத்தில் கைதி திருந்திக்கொண்டே இருக்கிறான். கொட்டடியில்தான் ஒன்றும் மாறவில்லை.

2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பல மாநிலச் சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பது அதுவரை அச்சிலேயே இருந்தது: ஒரு சாதிக்காரன் சமைக்க, இன்னொரு சாதிக்காரன் கக்கூஸ் கழுவ! அவையெல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் ரத்து செய்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதி வாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்த சேதியும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தோழர்களே, நாம் ஊரைவிட்டு வந்ததற்குச் சாதியும் ஒரு காரணம். ஊரிலே தெருவைப் பிரித்தான், டீக்கடையில் கிளாஸைப் பிரித்தான், சிறையிலே கொட்டடியையும் பிரித்தான். சாதிச் சண்டையில் கத்தி எடுத்தவனைச் சாதிக் கொட்டடியில் பத்து வருஷம் பூட்டி வைத்தால் அவன் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருவான்?

தூக்குக் கயிறும் துப்பாக்கியும்

"தூக்கில் போட்டால் பயப்படுவான்" என்கிறார்கள். 2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்காக 2020 மார்ச் 20ஆம் தேதி நாலு பேரைத் திகார் சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கொடுமையை மன்னிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அதற்குப் பிறகு நம் பெண்கள் இரவு ஷிப்ட் முடிந்து பயமில்லாமல் வீட்டுக்கு நடக்கிறார்களா? நீங்களே உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். குற்றம் செய்ய நினைப்பவன் பயப்படுவது பிடிபடுவோம் என்ற நிச்சயத்துக்குத்தான். தெரு விளக்கு எரியாத சந்தும், புகார் வாங்காத ஸ்டேஷனும், பத்து வருஷம் இழுக்கும் வழக்கும் இருக்கிறவரை கயிற்றின் நீளத்தைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை.

2019 டிசம்பர் 6ஆம் தேதி ஹைதராபாத் அருகே, ஒரு கொடிய பாலியல் கொலையில் பிடிபட்ட நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீசார் மேல் பூத் தூவினார்கள். நம் பகுதியிலும் இனிப்புக் கொடுத்தவர்கள் உண்டு. செத்தவர்கள் லாரி ஓட்டியும் கிளீனர் வேலை பார்த்தும் பிழைத்தவர்கள். பின்னால் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் விசாரித்தது. போலீஸ் சொன்ன கதை நம்பத் தக்கதல்ல, வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள் என்று அதன் அறிக்கை 2022இல் வெளியானது. அந்த நால்வர்தான் உண்மைக் குற்றவாளிகளா? இனி ஒரு நாளும் ஒரு நீதிமன்றமும் சொல்ல முடியாது. செத்துப்போன பெண்ணுக்கே அது துரோகமல்லவா? அவள் வழக்கு தீர்ப்பில்லாமல் முடிந்துவிட்டது.

தூக்கில் இன்னொரு கோளாறு: தவறு நேர்ந்தால் திருப்பிக் கொடுக்க முடியாது. பேரறிவாளனைத் தமிழர் எல்லோரும் அறிவோம். 1991இல் கைதானபோது வயது 19. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றார். 2011 செப்டம்பர் 9 என்று தேதியே குறித்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2013இல், அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அவர் சொன்னதை முழுமையாக எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2014 பிப்ரவரியில் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. குறித்த தேதியில் கயிறு இறுகியிருந்தால் அந்த அதிகாரி யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்? பாண்டியனாவது தவறு தெரிந்ததும் உயிரை விட்டான். நம் காலத்தில் யார் உயிரை விடப் போகிறார்கள்?

ஸ்ரீபெரும்புதூரில் அன்றைக்கு ராஜீவ் காந்தியோடு காவலர்களும் கட்சித் தொண்டர்களும் செத்தார்கள். அவர்கள் குடும்பங்களின் துயரத்தையும் நாம் மறக்கவில்லை. ஆனால் தவறான ஆளைத் தூக்கிலிட்டு அந்தத் துயரத்துக்கு மருந்து போட முடியாது.

கொலைகாரன் திருந்துவானா?

இதுதான் நம் தோழர் கேட்ட கடைசிக் கேள்வி. பதிலை நீங்களே கொட்டகையில் பார்த்திருக்கிறீர்கள். 1975இல் வந்த எம்.ஜி.ஆரின் பல்லாண்டு வாழ்க படத்தில், கொலைக் கைதிகள் ஆறு பேரைச் சிறைக்கு வெளியே கூட்டிப் போய் நிலத்தில் உழைக்க வைத்துத் திருத்துகிறார் சிறை அதிகாரி. "அது சினிமா" என்பீர்கள். அதன் மூலம் 1957இல் வி. சாந்தாராம் எடுத்த இந்திப் படம். அந்தப் படத்துக்கு மூலம் சினிமா அல்ல. இதே மகாராஷ்டிரத்தில், இன்றைய சாங்லி மாவட்டத்து ஆட்பாடி அருகே இருக்கும் ஸ்வதந்த்ரபூர். சுதந்திரத்துக்கு முன்பே, அவுந்த் சமஸ்தானத்தில், கொலைக் கைதிகளை மதில் இல்லாமல் வைத்து விவசாயம் செய்ய வைத்த திறந்தவெளிக் குடியிருப்பு அது.

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் 1963 முதல் ஒரு திறந்தவெளிச் சிறை நடக்கிறது. கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்களும் அங்கே இருக்கிறார்கள். மனைவி மக்களோடு குடியிருக்கிறார்கள். காலையில் வெளியே வேலைக்குப் போகிறார்கள். மாலையில் திரும்பி வந்து ஆஜர் கொடுக்கிறார்கள். பெரிய மதில் இல்லை. ஓட நினைத்தால் ஓடலாம். ஏன் ஓடுவதில்லை? இழக்க ஒரு வீடும் ஒரு வேலையும் இருப்பவன் ஓட மாட்டான். நம்மைப் போன்ற உழைப்பாளிகளுக்கு இதைவிட எளிதாக விளங்கும் தத்துவம் வேறு உண்டா?

"ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம்தானே" என்பதும் தப்பு. ஆயுள் என்றால் ஆயுள்தான். கொலைக் குற்றவாளி பதினாலு ஆண்டு கழித்த பிறகுதான் அவனுடைய விடுதலையைப் பரிசீலிக்கவே முடியும். பரிசீலித்து மறுக்கவும் முடியும். ஆனாலும் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வருவார்கள். வந்து எங்கே போவார்கள்? மலபார் ஹில்லுக்கா? நம் சந்துக்குத்தான் வருவார்கள். நம் குழாயடிக்குத்தான் வருவார்கள். நம் பிள்ளைகள் விளையாடும் இடத்தில்தான் உட்காருவார்கள். வருகிறவன் தச்சு வேலையும் எழுத்தும் கற்றுக்கொண்டு வெட்கத்தோடு வர வேண்டுமா, அல்லது உள்ளே இருந்த தாதாவிடம் பாடம் படித்துவிட்டு வெறியோடு வர வேண்டுமா? கைதி மேல் இரக்கம் இல்லாவிட்டாலும் போகட்டும். நம் பிள்ளைகள் மேல் அக்கறை இருக்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் தூக்குத் தண்டனை செல்லும் என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்கில் மட்டும்தான் அது என்றது. இவன் திருந்தவே மாட்டான் என்பதைச் சர்க்கார்தான் சாட்சியத்தோடு காட்ட வேண்டும் என்றும் சொன்னது. திருந்தக்கூடியவன் என்பதே சட்டத்தின் தொடக்கம்.

திருத்தம் வேறு, சலுகை வேறு

எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. திருந்தாதவனும் உண்டு. அவனை வெளியே விட வேண்டாம். யார் திருந்தினான், யார் நடிக்கிறான் என்று பார்க்க ஒரு முறை வேண்டும். 2000இல் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முறையைச் சொன்னது: அந்தக் குற்றம் சமுதாயத்தைப் பாதிக்காத தனிப்பட்ட செயலா, மறுபடி செய்வானா, செய்யும் வல்லமை போய்விட்டதா, இனியும் உள்ளே வைப்பதில் பலன் உண்டா, அவன் குடும்ப நிலை என்ன என்று பார்க்க வேண்டும்.

இதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2002 குஜராத் கலவரத்தில் பில்கிஸ் பானுவைக் கூட்டாக வன்கொடுமை செய்து, அவர் குடும்பத்தாரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் சர்க்கார் விடுவித்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். அது திருத்தமா? குற்றத்துக்கு மாலை! 2024 ஜனவரி 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து அவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியது. அதை நாம் வரவேற்கிறோம். செல்வாக்குள்ளவனுக்குச் சலுகை, செல்வாக்கில்லாதவனுக்குச் சவுக்கு என்றால் அது திருத்தமும் இல்லை, தண்டனையும் இல்லை.

செத்தவன் வீட்டுக்கு என்ன கிடைத்தது?

தீர்மானம் கொண்டுவந்த தோழர் கேட்க மறந்த கேள்வி இது. கொன்றவனை உள்ளே வதைப்பதால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஒரு வேளைச் சோறு கிடைக்குமா? 2008இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வைத்திருக்க வேண்டும். புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. 1998இல் உச்ச நீதிமன்றம், உழைக்கும் கைதிக்கு நியாயமான கூலி கொடு, அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒதுக்கு என்று வழி காட்டியது. இதுவல்லவா தண்டனை! கொன்றவன் தன் கையால் உழைத்து, தான் அனாதையாக்கிய வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பட்டும். தான் செய்தது என்ன என்பதை ஒவ்வொரு மாதமும் அவன் நினைத்துப் பார்ப்பான். சும்மா பூட்டி வைத்து உதைத்தால் தன்னையே நினைத்து அழுவான். செத்தவனை நினைக்க மாட்டான்.

நம் சந்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இப்படி ஒரு இழப்பீட்டுத் திட்டம் இருப்பதை யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் தூக்கு தூக்கு என்று கத்தியவர்களும் சொல்லவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: நாமும் சொல்லவில்லை. கைதியின் மனுவை எழுதிய கை அவள் மனுவையும் எழுதியிருக்க வேண்டும். அந்தக் குறை நம்முடையது.

ஆகவே, சென்ற முறை வந்த தீர்மானத்துக்கு மாற்றாக அடுத்த பொதுக்குழுவில் இதை முன்வைக்கிறோம்:

1. கொலையானவர் குடும்பத்துக்கு இழப்பீட்டு மனு எழுதித் தருவது சங்கத்தின் முதல் வேலை. அந்தத் தாயின் மனு இந்த மாதமே போக வேண்டும்.

2. எந்தக் குற்றமானாலும் விசாரணைக் கைதிக்கு வக்கீல் கிடைக்கச் சங்கம் உதவும். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் உரிமை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு மனுப் போட்டாலே போதும். சங்க நிதி கரையும் என்ற பயம் வேண்டாம்.

3. தமிழ் மட்டுமே தெரிந்த கைதிக்கும் குடும்பத்துக்கும் வழக்கின் காகிதங்களை மொழிபெயர்த்துச் சொல்ல, மராத்தி படித்த நம் பிள்ளைகள் நாலு பேர் முன்வர வேண்டும்.

4. சர்க்காரிடம் நம் கோரிக்கை: விசாரணைக் கைதியைத் தண்டனைக் கைதியோடு அடைக்காதே, உள்ளூர் ஜாமீன் கேட்டுப் பிழைக்க வந்தவனை வதைக்காதே, உழைக்கும் கைதிக்குக் கூலி கொடு, பாதிக்கப்பட்ட வீட்டுக்குப் பங்கு கொடு, திறந்தவெளிச் சிறைகளைப் பெருக்கு, சாதிக் கொட்டடியை ஒழி.

5. தண்டனை முடிந்து வருகிறவனுக்கு வேலை தேடிக் கொடுப்பதும், அவன் மறுபடி கத்தி எடுக்காமல் கண்ணில் வைத்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

தோழர்களே! நம்மைப் பார்த்து "மதராசி" என்று கல்லெறிந்த காலத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு கூட்டம் விசாரணை இல்லாமல் நம்மைக் குற்றவாளி என்றது. இன்றைக்கு நாம் ஒரு கூட்டமாகி, நம் பிள்ளை ஒருவனை விசாரணை இல்லாமல் கைவிடப் போகிறோமா?

அவன் குத்தியிருந்தால் தண்டனை பெறட்டும். குத்தவில்லை என்றால் வீட்டுக்கு வரட்டும். எதுவாயினும் தீர்ப்பு வந்த பிறகு. தீர்ப்புக்குப் பிறகும் அவன் மனிதனாகவே இருக்கட்டும். மனிதனாகத் திரும்பி வருகிறவனோடு மட்டும்தான் நாமும் அந்தத் தாயும் மறுபடி ஒரே குழாயடியில் நிற்க முடியும்.

வரும் பொதுக்குழுவுக்கு எல்லோரும் வாருங்கள். ஆத்திரத்தையும் கொண்டு வாருங்கள், அதோடு அறிவையும் கொண்டு வாருங்கள். கை தூக்கும் முன் ஒரு முறை அந்த இரண்டு தாய்களின் முகத்தையும் நினையுங்கள்.